ஊர் எடை

தளவாயின் எடை குறைந்துகொண்டு வருவதை முதலில் கண்டுபிடித்தது அவன் மனைவி சந்திரவடிவு. அக்கறையினால் கண்டுபிடித்தாள் என்று சொன்னால் அவளே நம்ப மாட்டாள், சந்தேகத்தினால்தான். பாத்திக்கரை உப்பளத்தின் வாசலில் லாரிகள் ஏறி நின்று எடை காட்டிவிட்டுப் போகிற இரும்பு மேடை ஒன்று உண்டு, அதை ஒட்டித் தரையிலிருந்து இரண்டு மூன்று படி உயரத்தில் ஒரு தகர அறை உண்டு, அந்த அறைக்குள் மர நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு எண்களைப் பார்த்துச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற வடிவு உண்டு, அவளுக்குத் தெரியாமல் அந்த வாசலைத் தாண்டி ஒரு கைப்பிடி உப்பு போனதில்லை என்று உப்பளத்து முதலாளி அண்ணாச்சி வெளியூரில் போய்ப் பெருமை பேசுவார்.

அவள் சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. வெறும் வண்டியை எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் சமர்த்தாக உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் கேன் தளும்பும், சீட்டுக்கு அடியில் இரண்டு பாறாங்கல் கிடக்கும். அதே வண்டி உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து மேடையில் ஏறும்போது டிரைவருக்கு டீ குடிக்கத் தோன்றிவிடும், கிளீனருக்கு வயிறு கலக்கும், கேன் காலியாகியிருக்கும், கல் இரண்டும் வேலிக்குப் பின்னால் போய்ப் படுத்திருக்கும், அத்தனைக்கும் ஈடாக உப்பு ஓசியில் போய்விடும். வடிவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவாள். "ஏறும்போது எத்தன பேரு இருந்திய, இப்ப எத்தன பேரு இருக்கிய?" என்று கேட்பாள். டிரைவர் டீக்கடையிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டு வருவான். "எட தானாக் குறையாது. இங்க இல்லன்னா வேற எங்கயோ இருக்கு," என்பாள். இதை லாரிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, பால்காரனிடமும் பலசரக்குக் கடையிலும் சொல்லி, கடைசியில் கட்டிய புருஷனிடமும் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

இந்த வேலைக்கு ஒரு விலக்கும் உண்டு. எடை போடுகிற ஆள் தன்னுடைய மேடையில் ஏறக் கூடாது, ஏறினால் அன்றிலிருந்து மேடை பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்று அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வடிவு எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் மேடை பொய் சொல்லும் என்றால் அதில் விளையாட முடியுமா என்று அந்த ஒன்றை மட்டும் நம்பினாள். மழைக் காலத்தில் முழங்கால் சேற்றில் சுற்றிக்கொண்டு வருவாளே தவிர இரும்பில் ஒரு கால் வைக்க மாட்டாள்.

தளவாய் அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவன். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி வெயில் ஏறுவதற்குள் கரையேறி, வீட்டுக்குப் போய்க் குளித்து, சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு நடு மதியத்துக்கு மேடை வழியாக நடந்து வந்து ஜன்னலில் நீட்டுவான். நீட்டும்போது எண்பலகையில் அறுபத்தைந்து என்று வரும். அந்த மேடை ஐந்து ஐந்தாகத்தான் காட்டும், லாரிக்கு அது போதும். வடிவு எண்ணைத்தான் பார்ப்பாள். "மரியபுஷ்பம் கடையில இருந்துதான வாரிய?" என்பாள். மரியபுஷ்பம் உப்பளத்து முக்கில் டீக்கடை வைத்திருந்தவள், புருஷன் இல்லாதவள், சிரித்த முகம், தளவாயை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் என்று அத்தனை அழுத்திக் கூப்பிடுவதே வடிவுக்குச் சந்தேகம். "ஒரு டீ குடிச்சேன்," என்பான் தளவாய். "டீ குடிக்க இம்புட்டு நேரமா?" என்பாள். அவன் தூக்குச்சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போவான். தினமும் இது நடந்தது. சோறு ஆறிப்போனாலும் இந்தக் கேள்வி ஆறியதில்லை.

வைகாசியில் ஒரு நாள் எண்பலகை அறுபது என்றது.

அவள் முதலில் மேடையைத்தான் சந்தேகப்பட்டாள். முத்திரை குத்திய இரும்புக் கட்டிகளைச் சுமையாட்களை விட்டு நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தாள், நடுவில் வைத்துப் பார்த்தாள். மேடை ஒரு குறையும் இல்லாமல் சரியாகச் சொன்னது. அடுத்து அவனைச் சந்தேகப்பட்டாள். இதுவரை இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், இப்போது அதை எங்கோ கொடுத்துவிட்டான். வேட்டி மடிப்பை உதறச் சொன்னாள், உதறினான், ஒரு பீடிக்கட்டு விழுந்தது. ஐம்பத்தைந்து வந்தது, ஐம்பது வந்தது, ஆனி பிறந்தபோது நாற்பதுக்குக் கீழே போயிருந்தது. ஆள் இளைத்தானா என்றால் அதுதான் இல்லை. அதே தோள், அதே கட்டை விரல், அதே தொப்புளுக்கு மேல் விழுகிற மடிப்பு, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டான். அவன் நடந்தால் மட்டும் தரையில் தடம் விழவில்லை.

ஊர் இதை ஒரு வாரத்துக்கு மேல் அதிசயமாக வைத்துக்கொள்ளவில்லை, அதற்கு நேரமும் இல்லை. உப்புப் பூத்த பாத்தியில் கால் வைத்தால் மேல் ஏடு உடைந்துவிடும் என்று யாரும் இறங்கமாட்டார்கள், தளவாய் அதன்மேல் கண்ணாடியில் ஈ நடக்கிற மாதிரி நடந்து கசிவு எங்கே என்று பார்த்துச் சொன்னான், கங்காணிக்குப் பரம திருப்தி. கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்ட அவனைத்தான் கூப்பிட்டார்கள், மாதா கோயில் கூம்பில் நட்சத்திரம் மாட்டவும் அவனைத்தான் கூப்பிட்டார்கள், ஓட்டு வீட்டுக்காரர்கள் உடைந்த ஓட்டை மாற்ற அவனிடம் தேதி கேட்டுக் காத்திருந்தார்கள். தலையில் உப்புக் கூடை இருக்கிறவரை பூமியில் நின்றான், கூடையை இறக்கினால் குதிகால் எழும்பிவிடும், ஆகையால் வேலை முடிந்ததும் மடியில் கல்லுப்பு முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனான். மரியபுஷ்பம் அவன் உட்காரும் பெஞ்சில் அவனைப் பிணைக்க ஒரு கொச்சக்கயிறு கட்டி வைத்தாள். டீயைக் குடித்தால் அந்த ஒரு கிளாஸ் அளவுக்கு இறங்குவான் என்று கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

வேடிக்கை முடிந்ததும் சந்தேகம் வந்தது. அதைக் கொண்டுவந்தவள் வடிவு. "எட தானாக் குறையாது," என்று அவள் தெருக்குழாயில் நின்று சொன்னாள், "என் வீட்டுக்காரர்ட்ட இருந்து போனது இந்த ஊர்லதான் எவர் மேலயோ இருக்கு." குடத்தை வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி மேலும் கீழும் பார்த்தார்கள். அன்றைக்குக் கெட்டது ஊர். பலசரக்குக் கடைக்காரர் ஞானமுத்துவின் தொந்தி எப்போதும் உள்ளதுதான், இருந்தும் இப்போது எல்லாருக்கும் அது புதிதாகத் தெரிந்தது. கல்யாணமாகி வந்து கன்னம் உப்பிய மருமகளை மாமியார் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தாள். இறைச்சிக்கடைக்காரர் சட்டையைத் தளர்வாகத் தைத்துக்கொண்டார். வீடுகளில் ரகசியமாகச் சாப்பிட்டார்கள், சபையில் குறைவாகச் சாப்பிட்டார்கள். தளவாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இருப்பதும் போய்விடும் என்று ஒரு பாதியும், பக்கத்தில் உட்கார்ந்தால் எடுத்தவன் என்று பேர் வந்துவிடும் என்று மறு பாதியும் விலகின. அவன் பெஞ்சில் அவனும் கயிறும் மட்டும் இருந்தார்கள்.

வடிவு யாரைச் சந்தேகப்பட்டாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மரியபுஷ்பம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது, பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு சுற்று. போதாக்குறைக்கு அந்த மாதம் ஊரே அவளை ஏமாற்றியது. நாற்காலிக் கால் முறிந்தது, தச்சன் மாமரத்தைத் தேக்கு என்று கொடுத்துவிட்டான். கட்டில் கயிறு தொய்ந்து முதுகு தரையைத் தொட்டது, கயிற்றுக்காரன் பழைய கயிற்றைச் சாயம் போட்டு விற்றிருக்கிறான். அறைக்கு ஏறுகிற சிமெண்டுப் படியில் விரிசல் விட்டது, கொத்தனார் மணலைத்தான் பூசியிருக்கிறார். புதுச் செருப்பு அந்த வாரமே தேய்ந்தது. புருஷனுக்கு இப்படி ஆனதும் ஒருத்தியை எல்லாரும் சேர்ந்து மொட்டையடிக்கிறார்கள் என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

பயமும் இருந்தது. ஆடி வந்துகொண்டிருந்தது. பாத்திக்கரையில் ஆடிக் காற்று தகரத்தைப் பிடுங்கும், உப்புக் குவியலின்மேல் போட்ட தார்ப்பாயைக் கல்லோடு தூக்கும், மேற்கிலிருந்து அடித்து எல்லாவற்றையும் கடலுக்குத்தான் கொண்டுபோகும். படுக்கையில் அவன் மார்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு அவள் விழித்துக் கிடந்தாள். அந்த ஆளை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. இதை அவள் அவனிடம் சொன்னதில்லை, கேள்வி கேட்கத்தான் அவளுக்குத் தெரியும்.

உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிற கிதியோன் சாரிடம் அவள் போய்க் கேட்டாள். சார் மாலையில் மரியபுஷ்பம் கடையில்தான் இருப்பார், ஆகையால் வேறு வழியில்லாமல் அந்தக் கடைக்குள் கால் வைத்தாள்.

"சார், எட காணாமப் போவுமா? பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"பொஸ்தகத்துல போட்டிருக்குன்னு நம்பாதிய," என்றார் சார். அவர் ஒரு தினுசான மனிதர். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வாங்கி அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தார், வடைக்குப் போடுகிற சோடா மாவை ஒரு காகிதத்தில் பொட்டலமாக மடித்து உள்ளே போட்டு, நனையுமுன் மூடியை இறுக்கினார். கடையில் காப்பித்தூள் நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசில் வைத்து எண்ணை எல்லாருக்கும் காட்டினார். பிறகு பாட்டிலைக் குலுக்கினார். உள்ளே நுரைத்துப் பொங்கிப் பாட்டில் கல்லாக விறைத்தது. மறுபடியும் வைத்தார். எண் அசையவில்லை.

"பொங்குச்சே சார்," என்றாள் மரியபுஷ்பம்.

"பொங்கட்டும், கொதிக்கட்டும், எரியட்டும். மூடி இருக்கிற வரைக்கும் உள்ளதுதான் உள்ள." மூடியைத் திருகினார், புஸ்ஸென்று போயிற்று, மறுபடி வைத்தார். எண் குறைந்திருந்தது. "இப்பப் பாருங்க. காணாமப் போகல. வெளிய போயிருச்சு, காத்தோட. மூடிய மூடாம எடை போட்டவன்தான் காணாமப் போச்சுன்னு சொல்லுவான். இந்த விதியச் சாமி வந்து சொல்லல. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, அடைச்சு வச்சு அடைச்சு வச்சு, இன்னும் நல்ல தராசு, அதவிட நல்ல தராசுன்னு போட்டுப் பாத்திருக்காங்க. ஒரு தடவ கூட அது தோத்ததில்ல."

சந்தேகப்பட்டு என்று அவர் சொன்னவிதம் வடிவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த ஊரில் தன் இனத்து மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தாள். "அப்ப ஊர மூடணும்," என்றாள்.

பாத்திக்கரைக்கு அதற்கு வழி இருந்தது. அளத்தம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அங்கே ஒரு வழக்கம்: சித்திரையில் பாத்திகள் நிறைந்ததும் ஊர் மொத்தமும் உப்பு லாரிகளில் ஏறி மேடையில் நிற்கும், மாதா கோயில்காரர்களும் ஏறுவார்கள், படுத்த படுக்கையானவர்களையும் தூக்கி வைப்பார்கள், வடிவு அறையிலிருந்து எண்ணைக் கூட்டிச் சொல்வாள், அந்த எடைக்கு எடை உப்பைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எடுத்ததைக் கொடுத்தோம், இனி எடுக்கிறோம் என்று அர்த்தம். ஊர் எடை என்று அதற்குப் பேர். சித்திரையின் ஊர் எடை எவ்வளவு என்று அங்கே சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் தெரியும். கொடை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. இன்னொரு தடவை ஏறி நின்றால் தளவாயின் எடை ஊருக்குள் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும், இருந்தால் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு யார் மேல் என்று பிடித்துவிடலாம்.

ஊர் சம்மதித்தது, ஒவ்வொருவருக்கும் மற்றவர்மேல் இருந்த சந்தேகத்தினால்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏறினார்கள். வடிவு அன்று பண்ணிய கெடுபிடி கொஞ்சநஞ்சமில்லை. பட்டினி கிடந்து வந்தவர்களை மரியபுஷ்பம் கடை வடையைத் தின்னவைத்து ஏற்றினாள், கழற்றி வைத்த நகைகளைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள், இறைச்சிக்கடைக்காரர் ஒற்றைக் காலை மேடைக்கு வெளியே ஊன்றியிருந்ததைக் கண்டுபிடித்து மானத்தை வாங்கினாள். சித்திரைக்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளையையும் வந்த ஒரு மருமகளையும் போன ஒரு கிழவரையும் கிதியோன் சார் கூட்டிக் கழித்துச் சொன்னார். தளவாயைக் கடைசி லாரியின் சங்கிலியில் கட்டி உட்காரவைத்தார்கள், அவன் ஒருவன்தான் யாரையும் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண் வந்தது. ஊர் எடை குறைந்தது. தளவாயிடமிருந்து எவ்வளவு போயிருந்ததோ அவ்வளவும் குறைந்தது.

லாரிமேல் நின்ற ஞானமுத்து தொந்தியைத் தடவிக்கொண்டு, "அப்ப நம்மள்ல எவன்ட்டயும் இல்ல," என்றார். "ஒரு மாசமா என்னத் திருடனப் பாக்க மாரி பாத்தியளே," என்று புது மருமகள் மாமியாரிடம் சொல்லி அழுதாள். மரியபுஷ்பம் லாரியிலிருந்து இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"மதினி, என் மேல இல்ல. பாத்தியளா?"

"இன்னொரு தரம் போடணும்," என்றாள் வடிவு.

"எத்தன தரம் போட்டா நம்புவிய?"

வடிவு மறுபடியும் போடத்தான் செய்தாள், அதே எண் வந்தது. எவனோ வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான் என்று வீடு வீடாகப் போய்க் கட்டிலுக்கு அடியிலும் குதிருக்குள்ளும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அவள் படி ஏறிய வீடுகளில் இரண்டில் படிக்கல் உடைந்தது, ஊருக்குள் நல்ல கொத்தனாரே இல்லையென்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"உங்க விதி தோத்துருச்சு சார்," என்றாள் கிதியோன் சாரிடம்.

"அவசரப்படாதிய. இதுக்கு முன்னாலயும் இப்படி ஒரு தடவ வந்துச்சு," என்றார் அவர். "சில அணு தானா உடையும். உடைஞ்சு ஒரு துகளை வெளிய தள்ளும். உள்ள எவ்வளவு சக்தி குறைஞ்சுதோ அவ்வளவையும் அந்தத் துகள் கொண்டுவந்திருக்கணும். கொண்டுவரல. ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுது. அணுவையே கரைச்சுக் குடிச்ச பெரிய ஆளுங்ககூட, சரி, இந்த இடத்துல விதி தப்பு போலன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் மட்டும், விதி தப்பில்ல, நாம எண்ணாத இன்னொண்ணு கூடவே போகுது, மீதி அதுகிட்ட இருக்குன்னாரு. யாரும் பாத்ததில்ல. கால் நூற்றாண்டு கழிச்சுத் தேடிப் பிடிச்சாங்க. இருந்துச்சு."

"நாம எண்ணாத ஒண்ணு."

"எண்ணாம விட்ட ஒண்ணு. அது எப்படிப் போச்சுன்னு விதி சொல்லாது, மதினி. எந்த வழியாப் போச்சு, ஏன் போச்சு, ஒண்ணும் சொல்லாது. மொத்தம் மாறாதுன்னு மட்டும்தான் சொல்லும். மிச்சத்த நாமதான் தேடணும்."

ஊர் தேடியது. செத்தவர்கள் எடுத்திருப்பார்கள் என்று சுடுகாட்டில் படையல் வைத்தார்கள், ஒரு வேளை பேய்க்கு எடை வேண்டியிருக்கலாம். கடல் எடுத்திருக்கும் என்று உப்பைக் கொட்டினார்கள். அண்ணாச்சிக்கு அளத்தம்மன் மேலேயே சந்தேகம் வந்து, சிலை முன்னைவிடக் கனக்கிறதா என்று பூசாரியைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல, பூசாரி ஒரு வாரம் அண்ணாச்சியோடு பேசவில்லை. தளவாயை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனும் இப்போது அதிகம் பேசுவதில்லை. பேசினால் அந்த மூச்சுக்கே கொஞ்சம் ஆடினான்.

ஆடி பிறந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டார், வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று வடிவு சொல்லியிருந்தாள். இருந்தும் அன்று நடு மதியம் அவன் தூக்குச்சட்டியோடு வந்தான். மடியில் உப்பு, தோளில் உப்பு, இடுப்பில் மரியபுஷ்பம் கொடுத்த கொச்சக்கயிறு, வேலிக்கம்பியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தான். கடைவாசலில் நின்ற மரியபுஷ்பம் மனசு கேட்காமல் பின்னாலேயே வந்தாள். மேடைக்கும் வேலிக்கும் நடுவில் பிடிக்க ஒன்றும் கிடையாது. அதைத் தாண்டி அவன் மேடையில் கால் வைத்ததும் காற்று விழுந்தது.

வடிவு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் மேடையின்மேல் நின்றான். தோளில் இருந்த உப்புப் பை அவிழ்ந்து வெள்ளையாகப் பறந்தது, மடியும் அவிழ்ந்தது, எண்பலகை பூஜ்யம் காட்டியது, அவன் கால்கள் பின்னால் எழுந்து உடம்பு கொடித்துணியாக விரிந்தது. இன்னமும் தூக்குச்சட்டியைக் கவிழாமல் பிடித்திருந்தான். மரியபுஷ்பம் பாய்ந்து அவன் இடுப்புக் கயிற்றின் நுனியைப் பிடித்தாள், பிடித்தவளும் சேர்ந்து இழுபட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து வழுக்கினாள்.

வடிவு எழுந்தாள். நாற்காலி அவளுக்குப் பின்னால் நொறுங்கி விழுந்தது. படியில் கால் வைத்தாள், படி பிளந்தது. விலக்கு ஒன்று உண்டு என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சந்திரவடிவு தன்னுடைய மேடையில் ஏறினாள், இரும்பு முனகியது, எட்டிப் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். காற்று அவனை இழுத்தது, அவள் வழியாகத்தான் இழுக்க வேண்டியிருந்தது, அவள் அசையவில்லை. லாரியை உருட்டுகிற காற்று அடித்தது, அவளுடைய முந்தானை மட்டும் பறந்தது.

"கயிறு உள்ள இருக்கு, பெரிய கயிறு," என்று அவள் கத்தினாள். மரியபுஷ்பம் உடைந்த படியில் தொற்றி அறைக்குள் ஏறினாள். ஏறியவள் திரும்பி வரவில்லை. ஜன்னலில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"மதினி."

"கயித்த எடு."

"மதினி, நீங்க எவ்வளவு எட இருப்பிய?"

"இப்ப என்னத்துக்கு? போன வருசம் ஆஸ்பத்திரி கேம்புல அம்பத்தஞ்சுன்னாக."

"நூத்தி இருவது காட்டுது."

வடிவு தலையைத் திருப்பினாள். மேடையில் நின்றால் எண்பலகை தெரியாது. இத்தனை வருசமாக அந்த மேடையில் ஏறி நின்ற அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவள் சொல்வதுதான் எடை என்று நின்றிருக்கிறார்கள். இப்போது உள்ளே இருந்தவள் மரியபுஷ்பம். அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

"பொய் சொல்லுத," என்றாள் வடிவு. வாய் தன் பழக்கத்தில் சொன்னது.

"நான் எதுக்கு மதினி பொய் சொல்லுதேன்? அண்ணன் கால் தரையிலயே இல்ல. அம்புட்டும் உங்க மேலதான் இருக்கு."

அண்ணன் கால் தரையில் இல்லைதான். அறுபத்தைந்தும் ஐம்பத்தைந்தும் நூற்று இருபது. அந்தக் கூட்டலுக்குக் கிதியோன் சார் தேவையில்லை. முறிந்த நாற்காலி, தொய்ந்த கட்டில், தேய்ந்த செருப்பு, பிளந்த படிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. ஊர் எடையில் ஒரு தடவையும் ஏறாதவள் ஒருத்தி இருந்தாள். மதியம் மதியமாகத் தூக்குச்சட்டியோடு சேர்த்துத் தன் எடையையும் அவன் அந்த ஜன்னலில் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறான், அவளும் முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. நாக்குநுனியில் இன்னொரு தரம் பார்த்துச் சொல்லு என்பது நின்றது.

அவள் அதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அத்தனை காற்றிலும் சட்டியை நேராகப் பிடித்திருந்தான்.

"சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவன் அவள் முகத்தில் தேடினான். "இன்னும் இல்ல," என்றான். "சேந்து சாப்பிடலாமேன்னு கொண்டாந்தேன்."

"சரி, எறங்குங்க."

காற்று குறையவில்லை. அவன் கால்கள் இறங்கின. முதலில் பெருவிரல், பிறகு பாதம். உள்ளே மரியபுஷ்பம் எண்பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நூத்தி இருவதுதான் மதினி, மாறல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதே நூத்தி இருவதுதான்," என்றாள். வடிவு திரும்பிக் கேட்கவில்லை. தளவாயின் குதிகால் அவள் கால்மேல் இறங்கியிருந்தது, முழுசாக, அறுபத்தைந்து கிலோ ஆளின் குதிகால். நன்றாக வலித்தது. எடுக்கச் சொல்லாமல் நின்றாள்.